கோட்டை தெரியுது, சரி... பாட்டி எப்படி நடப்பாங்க? டிஸ்னி வேர்ல்டில் கல்யாண இடம் பார்க்கப் போறீங்களா, இதைப் படிங்க!

கல்யாண மண்டபம் பார்க்கப் போகும்போது நம் வீட்டுப் பெரியவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? மேடையை அவர்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். நேராகச் சமையல்கட்டுக்குப் போவார்கள். 'ஒரு பந்தியில எத்தனை பேர் உட்காரலாம்?', 'கரன்ட் போனா ஜெனரேட்டர் இருக்கா?', 'வயசானவங்களுக்கு லிஃப்ட் இருக்கா?' என்று கேட்டுவிட்டுத்தான் வாடகையைப் பற்றியே பேசுவார்கள்.

இதே குடும்பத்துப் பிள்ளைகள் அமெரிக்காவில் செட்டிலாகி, 'கல்யாணத்தை டிஸ்னி வேர்ல்டில் வைத்துக்கொள்ளலாமா?' என்று கேட்கும்போது, அந்தக் கேள்விகளெல்லாம் எங்கேயோ காணாமல் போய்விடுகின்றன. கோட்டை பின்னணியில் ஒரு போட்டோ வந்தால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குரூப் முழுக்க ஹார்ட்தான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நேரில் போய் இடங்களைச் சுற்றிப் பார்ப்பதை 'சைட் விசிட்' என்கிறார்கள். அன்றைக்கு எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டிஸ்னியில் கல்யாணம் எங்கே நடக்கும்?

ஃப்ளோரிடா மாகாணத்தில் ஆர்லாண்டோ நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது வால்ட் டிஸ்னி வேர்ல்டு. 1971 அக்டோபர் 1-ம் தேதி திறக்கப்பட்டது. இன்று மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என 4 தீம் பார்க்குகளும், ஏராளமான ரிசார்ட் ஓட்டல்களும் இந்த வளாகத்துக்குள் உள்ளன. கல்யாணங்களுக்காகவே தனிப் பிரிவை 1991-ல் டிஸ்னி தொடங்கியது.

பிரபலமான இடம், 1995-ல் திறக்கப்பட்ட 'வெட்டிங் பெவிலியன்'. கிராண்ட் ஃப்ளோரிடியன் ரிசார்ட்டுக்குப் பக்கத்தில், செவன் சீஸ் லகூன் என்ற செயற்கை ஏரியை ஒட்டி இருக்கிறது. மணமேடைக்குப் பின்னால் உள்ள ஜன்னல் வழியே சிண்ட்ரெல்லா கோட்டை தெரியும்.

இதைத் தவிர, போர்டுவாக் ரிசார்ட்டில் ஏரியைப் பார்த்தபடி 'சீ பிரீஸ் பாயின்ட்', யாட் கிளப் ரிசார்ட்டில் தோட்ட மண்டபம், எப்காட்டில் 11 நாடுகளின் பெயரில் அமைந்த வேர்ல்டு ஷோகேஸ் பகுதி என வேறு இடங்களும் உண்டு. மேஜிக் கிங்டத்தின் உள்ளேயே, கோட்டைக்கு அருகில் உள்ள தோட்டத்திலும் கல்யாணம் நடத்தியிருக்கிறார்கள்.

போட்டோவில் பக்கம்... நேரில்?

முதல் அதிர்ச்சி இங்கேதான். சிண்ட்ரெல்லா கோட்டையின் உயரம் 189 அடி. ஆனால் வெட்டிங் பெவிலியனுக்கும் கோட்டைக்கும் நடுவில் ஏரியே இருக்கிறது. போட்டோகிராபர் ஜூம் லென்ஸில் எடுத்தால் கோட்டை மணமக்களின் தோள் மேலேயே நிற்பது மாதிரி இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவுக்கு அது தூரத்தில் சின்னதாகத்தான் தெரியும். ஒரு முறை முன் வரிசையில் உட்காருங்கள். பிறகு கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். விருந்தினர்களின் கல்யாணம் அந்த நாற்காலியில்தான் நடக்கப்போகிறது.

அடுத்தது, நேரம். காலை 10 மணிக்குப் பார்த்த இடம் மாலை 5 மணிக்கு வேறு மாதிரி இருக்கும். ஆர்லாண்டோவில் டிசம்பர் தொடக்கத்தில் மாலை 5.30 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். ஜூன் கடைசியிலோ இரவு 8.25 மணிவரை வெளிச்சம் இருக்கும். எனவே, கல்யாணம் எந்த மாதமோ, எந்த மணியோ, முடிந்தவரை அதே மாதத்தில் அதே மணிக்குப் போய்ப் பாருங்கள். வெயில் யார் முகத்தில் அடிக்கிறது, படகு ஹாரன் கேட்கிறதா, வேடிக்கை பார்க்கக் கூட்டம் நிற்குமா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். போர்டுவாக் போன்ற இடங்களில் பொதுமக்கள் நடமாட்டம் சகஜம். தாலி கட்டும்போது பின்னணியில் ஐஸ்கிரீமோடு நாலு பேர் நின்றால் பரவாயில்லையா? சிலருக்கு ஓகே, சிலருக்கு ஓகே இல்லை. முடிவு உங்களுடையது. ஆனால் தெரிந்து முடிவெடுங்கள்.

மழை மண்டபத்தை முதலில் பாருங்கள்

மத்திய ஃப்ளோரிடாவில் மே கடைசியில் தொடங்கும் மழைக்காலம் அக்டோபர் நடுப்பகுதிவரை நீடிக்கும். கோடையில் பெரும்பாலான நாட்கள் மதியத்துக்கு மேல் இடியோடு மழை வரும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அட்லான்டிக் புயல் சீசன் வேறு. 2024 அக்டோபரில் மில்டன் புயலின்போது டிஸ்னி வேர்ல்டு பூங்காக்களே மூடப்பட்டன.

அதனால் திறந்தவெளி இடத்தைக் காட்டும் ஊழியரிடம், 'மழை வந்தா எங்க நடத்துவீங்க? அதை முதல்ல காட்டுங்க' என்று கேளுங்கள். ஜன்னலே இல்லாத ஒரு பால்ரூமைக் காட்டலாம். கார்ப்பெட்டும் குழல் விளக்குமாக இருக்கலாம். அந்த அறையிலேயே கல்யாணம் நடந்தாலும் மனசு கோணாது என்று தோன்றினால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள். வெளியே நடத்துவதா, உள்ளே மாற்றுவதா என்று யார் முடிவெடுப்பார்கள், எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்வார்கள், புயலால் தேதி தள்ளிப்போனால் கட்டிய பணம் என்ன ஆகும் என்ற மூன்றுக்கும் பதில் எழுத்தில் வேண்டும்.

பாட்டியோட நடை

எப்காட்டின் வேர்ல்டு ஷோகேஸை ஒரு சுற்று சுற்றினாலே ஏறக்குறைய 2 கிலோமீட்டர். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஆகஸ்ட் மாதத்து 33 டிகிரி வெயிலில், முட்டி வலியோடு இருக்கும் ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். நம்ம ஊர் வெயிலுக்குப் பழகினவர்தான். ஆனால் நம்ம ஊரில் மண்டப வாசலிலேயே கார் நிற்கும்.

சைட் விசிட்டில் செய்ய வேண்டிய எளிய சோதனை இது. பஸ்ஸோ காரோ எங்கே இறக்கிவிடுமோ அந்த இடத்திலிருந்து நாற்காலிவரை மெதுவாக நடந்து, போனில் நேரம் பாருங்கள். வழியில் படி இருக்கிறதா, நிழல் இருக்கிறதா, கழிவறை எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். தாலி கட்டும் இடமும் சாப்பாட்டு இடமும் வேறு வேறு ஓட்டலில் இருந்தால், அந்தப் பயணத்தையும் ஒரு முறை போய்ப் பாருங்கள். சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். அதைத் தள்ள யார் இருப்பார்கள் என்பதையும் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

ஹோமம், மேளம், முகூர்த்தம்

அமெரிக்க பாணிக் கல்யாணச் சடங்கு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நமக்கு ஊஞ்சல், காசி யாத்திரை என்று எதையும் சேர்க்காவிட்டாலும் இரண்டு மணி நேரம் சாதாரணம். பிரபலமான இடங்களில் ஒரே நாளில் அடுத்தடுத்துக் கல்யாணங்கள் நடக்கும் என்பதால், நேரத்தை ஸ்லாட் கணக்கில்தான் தருவார்கள். மாங்கல்ய தாரணம் நடக்கும்போது அடுத்த பார்ட்டி வாசலில் காத்திருக்கக் கூடாது, இல்லையா?

முகூர்த்தத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. சூரிய உதயமும் லக்னமும் ஊருக்கு ஊர் மாறும். சென்னைக்குக் கணித்த நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆர்லாண்டோவுக்குக் கணித்து வாங்கி, அது கிடைக்கும் ஸ்லாட்டுக்குள் வருகிறதா என்று இடம் பார்க்கப் போவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

பெரிய கேள்வி, அக்னி. கூரைக்குக் கீழே ஹோமம் வளர்க்க அனுமதி உண்டா, புகை உணரும் கருவி அலறினால் என்ன ஏற்பாடு, வெளியே என்றால் காற்று எப்படி? நாதஸ்வரம், தவில் சத்தத்துக்கு வரம்பு இருக்கிறதா? வெளியிலிருந்து சமையல்காரர் வரலாமா, இல்லை அவர்கள் சமையல்தானா? சாம்பார், ரசம் கேட்டால் ருசி பார்க்க முன்கூட்டியே தருவார்களா? 'பார்த்துக்கலாம் சார்' என்ற பதிலை ஏற்காதீர்கள். புரோகிதரை வீடியோ காலில் வைத்துக்கொண்டே இடத்தைச் சுற்றினால், அவருடைய சந்தேகங்களும் அங்கேயே தீரும்.

டிரோன் ஷாட்? சான்ஸே இல்ல!

நம் கல்யாண வீடியோவில் டிரோன் இல்லாமல் இருக்குமா? இங்கே இருக்காது. டிஸ்னி வேர்ல்டுக்கு மேலே, 3 கடல் மைல் சுற்றளவில், 3,000 அடி உயரம்வரை பறப்பதற்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கட்டுப்பாடு உண்டு. வீடியோகிராபருக்கு டிரோனுக்காகத் தனியாகப் பணம் பேசியிருந்தால், அதைக் கழித்துவிடுங்கள்.

பில் எங்கே எகிறும்?

'மினிமம் ஸ்பெண்ட்' என்ற வார்த்தையை அடிக்கடி கேட்பீர்கள். குறைந்தபட்சம் இவ்வளவு செலவு செய்கிறேன் என்று நீங்கள் தரும் உறுதி அது. கிழமை, நேரம், இடத்தைப் பொறுத்து மாறும். 150 பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டு, 90 பேர் வந்தாலும் அந்தத் தொகைக்குக் குறையாமல் செலவழித்தாக வேண்டும். இந்தியாவிலிருந்து வர வேண்டிய சொந்தங்களுக்கு விசா கிடைக்குமா என்பது கடைசிவரை நிச்சயமில்லாத விஷயம். எனவே 'கட்டாயம் வருவாங்க' என்று சொல்லக்கூடியவர்களை மட்டும் வைத்து இடத்தின் அளவை முடிவு செய்வதுதான் பாதுகாப்பு.

அடுத்தது, சாப்பாட்டு விலைக்கு மேல் வரும் சேவைக் கட்டணமும் வரியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது டிஸ்னி விலை இல்லை, வெறும் உதாரணம். 150 பேர், ஆளுக்கு 200 டாலர் என்றால் 30,000 டாலர். சேவைக் கட்டணம் 20% என்று வைத்தால் 6,000. ஆரஞ்சு கவுன்டியின் விற்பனை வரி 6.5%. கட்டாயச் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து வரி போட்டால் 2,340. மொத்தம் 38,340 டாலர். 'ஆளுக்கு 200தானே' என்று தொடங்கியது, 8,340 டாலர் கூடிவிட்டது. அதனால் தட்டு விலையைக் கேட்டதோடு நிறுத்தாமல், எல்லாம் சேர்ந்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள்.

லைசென்ஸ் எப்போ வாங்கணும்?

ஃப்ளோரிடாவில் சட்டப்படி கல்யாணம் செல்ல, கவுன்டி அலுவலகத்தில் திருமண லைசென்ஸ் வாங்க வேண்டும். வெளி மாகாண, வெளிநாட்டு ஜோடிகளுக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. ஃப்ளோரிடாவாசிகளுக்கு 3 நாள் காத்திருப்பு உண்டு. திருமணத்துக்கு முந்தைய வகுப்பை முடித்தவர்களுக்கு அது தளர்த்தப்படும்.

லைசென்ஸ் 60 நாட்களுக்கு மட்டுமே செல்லும். 'சைட் விசிட் வந்த கையோட வாங்கிடலாம்' என்று ஆறு மாதம் முன்பே வாங்கினால், கல்யாண நாளில் அது வெறும் காகிதம். சடங்கு முடிந்ததும் நடத்திவைத்தவர் கையெழுத்திட்டு 10 நாட்களுக்குள் அதைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். உங்கள் புரோகிதருக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைசியா ஒண்ணு

சைட் விசிட்டுக்கு மணமக்கள் மட்டும் போனால் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடும் ஆபத்து அதிகம். அந்த இடம் அப்படி. கூடவே ஒரு பெரியவரை அழைத்துப் போங்கள். வர முடியாதவர் என்றால் வீடியோ காலிலாவது. கோட்டையைப் பார்த்து அவருக்குப் பெரிய பிரமிப்பு இருக்காது. 'பாத்ரூம் எங்கப்பா இருக்கு?' என்றுதான் கேட்பார்.

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுங்கள்.