ஆன்டெனா எவ்வளவு குனிய வேண்டும்?

நகரங்களில் செல்பேசித் திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும்போதே பேச்சு அறுபடுவதற்கும் இணையம் திணறுவதற்கும், தொலைவிலுள்ள கோபுரம் ஒன்றின் அலை தன் எல்லையைத் தாண்டி வந்து பக்கத்துக் கோபுரத்தின் அலையோடு கலந்துவிடுவது ஒரு முக்கியக் காரணமாகும். இரண்டாம் தலைமுறைச் சேவையில் அடுத்தடுத்த கோபுரங்களுக்கு வெவ்வேறு அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டன. மூன்றாம், நான்காம் தலைமுறைகளில் எல்லாக் கோபுரங்களும் பொதுவாக ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்வதால், அலையை உரிய எல்லைக்குள் நிறுத்துவது அதைப் பரப்புவதற்கு நிகரான பணியாகிவிட்டது.

கோபுரத்தில் தொங்கும் நீண்ட பெட்டி வடிவ ஆன்டெனாக்கள் பெரும்பாலும் 120 டிகிரி இடைவெளியில் மூன்று திசைகளை நோக்கியிருக்கும். ஒவ்வொன்றின் அலைக்கற்றையும் பக்கவாட்டில் ஏறக்குறைய 65 டிகிரி அகன்றிருந்தாலும், மேல்கீழாக 7 டிகிரி அளவுக்கே இருப்பதால், சாய்வில் ஏற்படும் சிறு மாற்றமும் பெரிய விளைவைத் தருகிறது. 30 மீட்டர் உயரத்திலுள்ள ஆன்டெனா 2 டிகிரி குனிந்தால் கற்றையின் மையம் சுமார் 860 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். 6 டிகிரி குனிந்தால் 285 மீட்டரிலேயே தொட்டுவிடும். கட்டடங்களைக் கருதாத வெறும் முக்கோணவியல் கணக்கு இது என்றாலும், அரை கிலோமீட்டருக்கு ஒரு கோபுரம் நிற்கும் நகரப் பகுதியில் 2 டிகிரி சாய்வு ஏன் போதாது என்பதை இதுவே காட்டிவிடுகிறது. அளவுக்கு மீறிக் குனிந்தாலோ, எல்லைப்புறத் தெருக்களும் உயர்ந்த கட்டடங்களின் மேல்மாடிகளும் சேவையை இழக்கும்.

குனிய வைக்கும் முறையும் கவனத்துக்குரியது. தாங்கியை முடுக்கிப் பெட்டியையே சாய்த்தால் முன்பக்கக் கற்றை மட்டுமே தாழ்கிறது. பக்கங்களில் சாய்வு ஏற்படாததோடு, பின்புறமாகக் கசியும் அலை வானை நோக்கி எழுகிறது. பெட்டிக்குள் அடுக்கப்பட்டுள்ள சிற்றலகுகளுக்குச் செல்லும் மின்னலைகளுக்கிடையே கட்ட வேறுபாட்டை, அதாவது அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும் நுண்ணிய கால இடைவெளியை, மாற்றினால் எல்லாத் திசைகளிலும் கற்றை ஒரே சீராகத் தாழ்கிறது. சிறு மோட்டாரைக் கொண்டு தொலைவிலிருந்தே இதை இயக்க முடிவதால், நகரங்களுக்கு இம்முறையே பொருத்தமானது.

திசையைத் தேர்வதில் தெருவின் போக்கைப் புறக்கணிக்க இயலாது. டோக்கியோவில் விரிவான அளவீடுகளை நடத்தி 1968இல் வெளியிட்ட ஒகுமுரா, அலை வரும் திசைக்கு இணையான தெருக்களில் சிக்னல் வலுவாகவும் குறுக்குத் தெருக்களில் நலிந்தும் இருப்பதைப் பதிவுசெய்தார். நெடிய நேர்ச்சாலை ஒன்றின் போக்கிலேயே ஆன்டெனாவைத் திருப்பினால் இருபுறக் கட்டடங்களும் அலையை வழிநடத்தி, அடுத்த கோபுரத்தின் எல்லைக்குள் கொண்டுசேர்த்துவிடக்கூடும்.

இருபது கோபுரங்களின் அறுபது ஆன்டெனாக்களில் ஒவ்வொன்றுக்கும் பத்துச் சாய்வுநிலைகள் என்று கொண்டாலே, இயலக்கூடிய அமைப்புகளின் எண்ணிக்கை ஒன்றின் பின் அறுபது சுழிகளாக விரிகிறது. ஆகவே பொறியாளர்கள் சிலவற்றை மட்டும் மாற்றி, வண்டியில் தெருத்தெருவாகச் சென்றும் செல்பேசிகள் அனுப்பும் அளவீடுகளைத் திரட்டியும் ஒப்பிட்டு, அறுபடும் அழைப்புகள் மிகுந்தால் பழைய நிலைக்கே திருப்புகின்றனர்.