கன்னிமூலையிலிருந்து ஒரு சதுரம்



சம்பா அறுவடை சமயத்தில் கயிறும் முளைக்குச்சியுமாக அலுவலர்கள் யாராவது ஒருத்தர் வயலில் இறங்குவதைப் பார்த்திருப்பீங்க. அதற்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பேர். 2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஊருக்கு இழப்பீடு உண்டா இல்லையா என்பது பெரும்பாலும் இந்தச் சதுரத்து நெல்லைப் பொறுத்துத்தான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானைக்குச் சரி. ஒரே அரிசி, ஒரே தீ, கரண்டி போட்டுக் கிளறியும் ஆச்சு. வயலை யார் கிளறினாங்க? மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் மதகடி வயல் ஒரு மாதிரி, கடைமடை வேறு மாதிரி. மாமல்லபுரம் பக்கம் கடலோர மணல் நிலம் இன்னொரு மாதிரி. ரோட்டோரத்தில் கண்ணுக்குப் பட்ட வயலை மட்டும் அறுத்தால் அது ரோட்டோரக் கணக்குதான், ஊர்க் கணக்கு ஆகாது.

அந்தக் காலத்தில் கண் மதிப்பிலேயே இத்தனை அணா விளைச்சல் என்று எழுதிவிடுவாங்க. 1920-களில் பீகார்-ஒரிசாவில் ஹப்பாக் என்ற அதிகாரிதான், எந்த இடம் என்பதைத் தற்செயலுக்கு விட்டு நெல்லை அறுத்து நிறுத்துப் பார்த்தார். பிறகு மகலனோபிஸ், சுகாத்மே போன்ற புள்ளியியல் மேதைகள் அதை வளர்த்தாங்க. சதுரம் ரொம்பச் சிறுத்தால் ஓரத்துக் குத்துகளும் உள்ளே சேர்ந்து விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்று 1946-ல் சுகாத்மே எடுத்துக் காட்டினார். இப்போது நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர்.

சர்வே எண்ணைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி சமவாய்ப்பு எண்களை வைத்து எடுப்பாங்க. வயலின் தென்மேற்கில், அதாவது கன்னிமூலையில் நின்று, நீளத்துக்கும் அகலத்துக்கும் காலடி வைத்து அளக்கணும். மறுபடி குலுக்கலில் வந்த எண்ணுக்குத் தக்கபடி இத்தனை காலடி நீளவாக்கில், இத்தனை அகலவாக்கில் நடந்து, நின்ற இடத்தில் முதல் முளை. அங்கே பயிர் சாய்ந்து கிடந்தாலும் சரி, தளதளவென்று நின்றாலும் சரி, அதைத்தான் அறுக்கணும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? ஒரு எக்டேரில் இப்படி 400 சதுரம். சதுரத்தில் ஒரு கிலோ பிசகினால் எக்டேருக்கு 400 கிலோ பிசகும். ஒரு பேச்சுக்கு, ஊரில் 4 சதுரம். நெல் 12, 9, 4, 11 கிலோ என்று வைத்துக்குங்க. சராசரி 9 கிலோ, எக்டேருக்கு 3,600. உத்தரவாத மகசூல் 4,000 என்றால் 400 குறைகிறது. காப்பீட்டுத் தொகையில் 10 சதவீதம் கிடைக்கும். அந்த 4 கிலோ இடத்தில் 'இங்கே ஒண்ணுமே இல்லையே' என்று முளையைப் பத்தடி தள்ளிப் போட்டு 12 கிலோ வந்தால்? சராசரி 11, எக்டேருக்கு 4,400. ஊருக்கே ஒரு காசு வராது.

ஒரு குறையும் உண்டு, மறைக்க வேண்டாம். சராசரிக்கு உங்க முகம் தெரியாது. ஊர் நன்றாக விளைந்து உங்க வயல் மட்டும் காய்ந்திருந்தால் இந்தக் கணக்கில் உங்களுக்கு எதுவும் வராது.

பரிசோதனை நடக்கிற அன்று கூடப் போய் நில்லுங்க. எந்த எண் வந்தது என்று கேளுங்க. கயிறு தொய்யாமல் இருக்கணும். அடித்துத் தூற்றியதும் அங்கேயே எடை போடணும். அதற்கு முன் தராசு சைபரில் நிற்கிறதா என்று எட்டிப் பாருங்க.