மூன்று மருந்து, ஒரு குளிசை, ஒரு பஸ் பயணம்

1996 இல் எச்.ஐ.வி.க்கு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வந்தபோது, நோயாளி தினமும் கை நிறையக் குளிசை விழுங்கினார். அதில் இண்டினாவிரை எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, வெறுவயிற்றில் எடுக்கவேண்டும். இன்று டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் ஒரே குளிசைக்குள் அடங்கிவிட்டன. நாளுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னும் போடலாம், பின்னும் போடலாம். டொலுடெக்ராவிர் சேர்ந்த சிகிச்சையையே முதல் தெரிவாக உலக சுகாதார நிறுவனம் 2019 இல் பரிந்துரைத்தது.

வசதி மட்டுமல்ல காரணம். தனித்தனிக் குளிசை என்றால் வயிற்றைப் பிரட்டுகிறதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் போடுவார்கள். ஒற்றை மருந்தை எதிர்கொள்ளும் வைரஸ் அதற்குப் பழகிவிடும். பிறகு அந்த மருந்து பலிக்காது. ஒரே குளிசையை அப்படிப் பிரிக்க முடியாது. முன்பு பரவலாக இருந்த எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து தலையைச் சுற்றவைக்கும், கனவில் அலைக்கழிக்கும் என்பதால் படுக்கப்போகும்போது போடச் சொன்னார்கள். முல்லைத்தீவில் இரவோடிரவாகக் கடலுக்கு இறங்குகிறவர் எப்போது படுப்பது?

இலங்கையில் 2004 முதல் இந்த மருந்துகளை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. ஆனால் பாலியல் நோய் கிளினிக்குக்குப் போய்த்தான் எடுக்கவேண்டும். வன்னியில் துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ புறப்பட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். பஸ்ஸில் தெரிந்தவர் யாராவது "எங்கை பயணம்?" என்று கேட்டால் ஒரு பதிலும் வேண்டும். நிலை சீரானவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கான மருந்தை ஒரேயடியாகக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குளிசை குறைந்ததைவிடப் பயணம் குறைவதுதான் வன்னிக்குப் பெரிய உதவி என்பேன்.

இந்த இலகுவான குளிசைக்கும் சில பிடிவாதங்கள் உண்டு. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளை வெறுவயிற்றில் இதோடு சேர்த்துப் போட்டால் டொலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம். இல்லையென்றால் அவற்றுக்கு இரண்டு மணித்தியாலம் முன்போ ஆறு மணித்தியாலம் பின்போ எடுக்கவேண்டும். கேஸ்ரிக்குக்குக் குடிக்கும் அமில முறிப்பானுக்குச் சாப்பாட்டுச் சலுகையும் இல்லை, அந்த இடைவெளிதான். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டொலுடெக்ராவிரை நாளுக்கு இருமுறை கொடுக்கவேண்டிவரும். வேறு கிளினிக்கில் தந்த மருந்துகளையும் வைத்தியரிடம் காட்டச் சொல்வது இதனால்தான்.

ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது. ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்தவுடன் போடலாம். அடுத்த வேளைக்கு நாலு மணித்தியாலம்கூட இல்லையென்றால் அதை விட்டுவிட்டு, வழக்கமான நேரத்தில் ஒன்றை மட்டும் எடுக்கவேண்டும். இரண்டைச் சேர்த்துப் போடக்கூடாது.