வெறுப்பும் வேற்றுமையும்

பாகற்காய்க் கறியைக் கண்டு "எனக்கு இது பிடிக்காது" என்று தட்டை நகர்த்தும் பிள்ளையும், பல வருஷம் உழைத்த உத்தியோகத்தில் நியாயம் கிடைக்காமல் "எனக்கு வெறுத்துப் போய்விட்டது" என்று பெருமூச்சு விடும் தகப்பனாரும், தன்னை வஞ்சித்த ஒருவனைக் குறித்து "அவனை நான் வெறுக்கிறேன்" என்று நிதானமாகச் சொல்லும் பெண்மணியும் ஒரே உணர்ச்சியைத்தான் ஏற்றக்குறைவாக வெளியிடுகிறார்கள் என்று மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் வாக்கியங்களின் அமைப்பைக் கவனித்தால், முதல் இருவரும் "எனக்கு" என்று நான்காம் வேற்றுமையில் நிற்பதும், மூன்றாமவர் "நான்" என்று எழுவாயாக முன்வந்து, வெறுக்கப்படுகிறவனை இரண்டாம் வேற்றுமையில் நிறுத்துவதும் தெரியவரும். பசியும் தூக்கமும் நமக்கு வருகின்றன. பிடிக்காமையும் அவ்வாறே வருகிறது. வெறுத்தலோ வருவதன்று, ஒருவர் செய்வது. செய்ததற்குப் பொறுப்பும் செய்தவரைச் சேர்ந்தது.

நம் குடும்பங்களின் அன்றாடப் பேச்சில் "வெறுக்கிறேன்" என்ற வினைமுற்று எவ்வளவு அபூர்வமாக வாயில் வருகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒத்துப்போகாத மாமியார் மருமகளைப் பற்றி அக்கம்பக்கத்தார் பேசும்போது, "அந்த அம்மாவுக்கு இவளைக் கண்டாலே ஆகாது" என்பார்கள். "எப்போதும் கரித்துக் கொட்டுகிறார்" என்பார்கள். வரப்புத் தகராறில் பிரிந்த பங்காளி, "இனி அவன் முகத்தில் விழிக்க மாட்டேன்" என்று சபதம் செய்வான். பகைவனைச் சுட்டுவதற்குக்கூட "அவர் நமக்கு வேண்டாதவர்" என்ற சொல்லே பெரியவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. மனம் ஒப்பாமல் ஒரு காரியத்தைச் செய்தவன் "வேண்டா வெறுப்பாகச்" செய்தான் என்கிறோம். நெடுநாள் செய்த காரியத்தில் சுவை குன்றினால் "வெறுப்புத் தட்டிற்று" என்கிறோம். இக்காலத்து இளைஞர் "வெறுப்பேற்றாதே" என்று நண்பனிடம் சொல்லும்போது, எரிச்சல் மூட்டாதே என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. பெயர்ச்சொல்லாக நிற்கும் வரையில் வெறுப்பு இப்படி நெகிழ்ந்து கொடுக்கிறது. தன்மை வினைமுற்றாக வந்துவிட்டால் மட்டும் அது கனத்துவிடுகிறது.

இதன் சுற்றத்துச் சொற்களும் தத்தமக்கென்று எல்லை உடையவை. விரோதத்துக்கு இருவர் தேவை. வெறுப்போ ஒருதலையாகவும் இருக்கக்கூடும். குரோதம் என்பது பழிதீர்க்கும் எண்ணம் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் நிலை. துவேஷம் என்ற வடசொல் வேதாந்த நூல்களில் ராகத்துக்கு எதிர்ப்பதமாக, நம் "விருப்பு வெறுப்பு" என்ற இணையைப் போலவே ஆளப்பட்டபோதிலும், நம் நாளில் பெரும்பாலும் ஒரு சமூகத்தின்மேல் மற்றொரு சமூகம் கொள்ளும் பகையையே குறிக்கிறது; ஜாதித் துவேஷம், மதத் துவேஷம், பாஷைத் துவேஷம் என்ற வழக்குகள் அப்படி உண்டானவை. காழ் என்பது மரத்தின் வயிரம். உள்ளத்தில் அவ்விதம் இறுகிப்போன பகையே காழ்ப்பு.

இவற்றுள் மிகுந்த எச்சரிக்கையோடு ஆளவேண்டிய சொல் அருவருப்பு என்பது என் துணிவு. அழுகலையும் சீழையும் துர்நாற்றத்தையும் கண்டு உடம்பு கூசுவதே அதன் இயல்பான இடம்; கிறிஸ்தவர்களின் தமிழ் வேதாகமம் கடவுளுக்கு ஒவ்வாத செயல்களைக் குறிக்க இச்சொல்லைத் திரும்பத் திரும்ப ஆள்கிறது. ஒருவனை வெறுப்பவனிடம் காரணம் கேட்கலாம். காரணம் தவறென்று காட்டி அவன் மனத்தை மாற்றவும் முயலலாம். அருவருப்போ காரணத்துக்கு முன்பே உடம்பில் தோன்றிவிடுகிறது. மனிதன் தொட்ட தண்ணீரை மனிதனே தீட்டென்று ஒதுக்கிய கொடுமைக்கு வேராயிருந்தது இந்த உணர்ச்சிதான். அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து, அதை எந்த உருவில் கைக்கொள்வதையும் தடைசெய்த பிறகும், பிள்ளைப்பருவத்திலேயே உடம்புக்குக் கற்பிக்கப்பட்ட அந்தக் கூச்சம் பல நெஞ்சங்களில் அகலாமலிருப்பதைக் காண்கிறோம். ஒரு மனிதரையோ ஒரு கூட்டத்தாரையோ "அருவருப்பானவர்" என்று எந்தச் சந்தர்ப்பத்திலும் எழுதலாகாது.

வெறுப்பு என்ற சொல்லின் பழைய சரித்திரம் வியப்பூட்டுவது. தொல்காப்பியத்தின் உரியியல் அதற்குச் செறிவு என்றே பொருள் கூறுகிறது. புறநானூற்றின் 53-ஆம் பாட்டில் கபிலரின் கேள்விச் செல்வத்தைப் புகழும் புலவர் அதை "வெறுத்த" கேள்வி என்கிறார். மிகுந்த, செறிந்த என்பது கருத்து. படையைப் பற்றிய 761-ஆம் குறளில் "வெறுக்கை" என்பது அரசனின் செல்வம். செறிவும் மிகுதியும் சுட்டிய ஒரு சொல் மனம் விலகுவதைச் சுட்டும் நிலைக்கு எப்படி வந்தது? அளவு மீறியது தெவிட்டுகிறது, தெவிட்டியதை உள்ளம் தள்ளுகிறது. அந்த வழியாகவே பொருள் திரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. "வெறுத்துப் போய்விட்டது" என்ற பேச்சு வழக்கில் அந்தத் தெவிட்டலின் சாயல் இன்றும் இருக்கிறது.

பிடிக்காமைக்கும் வெறுப்புக்கும் இடையிலுள்ள தூரத்தை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் தேசத்தின் நீதிமன்றச் சரித்திரமே சாட்சி. 1870-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 124-ஏ பிரிவின்கீழ் 1897-ல் பாலகங்காதர திலகர் பம்பாயில் விசாரிக்கப்பட்டபோது, நீதிபதி ஸ்ட்ரேச்சி, சர்க்காரிடம் பிரியம் இல்லாமையே அந்தப் பிரிவு சொல்லும் அதிருப்தி என்று ஜூரிகளுக்கு விளக்கி, வெறுப்பு, பகை, அவமதிப்பு ஆகிய எல்லாவற்றையும் அதற்குள் அடக்கினார். மறு வருஷமே வெறுப்பும் அவமதிப்பும் அந்தப் பிரிவின் வாசகத்திலேயே இடம்பெற்றன. 1908-ல் திருநெல்வேலியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் இதே பிரிவின்கீழ்த் தண்டிக்கப்பட்டார்கள். சுதேசிக் கப்பல் ஓட்டிய அந்த உத்தமருக்கு நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். பின்னர் மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டதென்றாலும், கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுத்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை. அந்நியர் ஆட்சி வேண்டாம் என்று பேசியதும், அந்த ஆட்சியின்மேல் பிரியமில்லை என்பதும், அதைப் பகைத்து அழிக்க முனைவதும் ஒரே குற்றமாக எண்ணப்பட்ட காலம் அது.

இப்போது பள்ளிப் பிள்ளைகள் கணக்குப் பாடத்தையும், மழை நாளையும், உடன் படிக்கும் தோழனையும் வேறுபாடின்றி "ஹேட் பண்றேன்" என்கிறார்கள். எழுத்தில் அது அப்படியே "வெறுக்கிறேன்" என்று இறங்குகிறது. அப்படி எழுதிய பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. அருகில் அமர்த்திக்கொண்டு, கணக்கு "எனக்குச் சலிப்பாக இருக்கிறது" என்றும், மழை "எனக்குப் பிடிக்கவில்லை" என்றும், தோழன்மேல் "எனக்கு வருத்தம்" என்றும் திருத்திக் கொடுக்கலாம். ஏழையிடம் லஞ்சம் வாங்குவதைப் பற்றி எழுதும்போது "வெறுக்கிறேன்" என்ற சொல் அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படும்.