மேட்டூரின் 120, உடம்பின் 120

மேட்டூர் அணை 120 அடியை எட்டிவிட்டது என்று செய்தி வந்தால் டெல்டா விவசாயியின் முகம் தெளிந்துவிடும். அதே மனிதர் பி.பி. பார்க்கக் கையை நீட்டும்போது, டாக்டர் வாயிலிருந்தும் 120 என்றே வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார். எண் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் இரண்டுமே ஒரு திரவம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதைச் சொல்லும் அளவுகள்.

முதலில் அணை. தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. 120 அடி ஆழத்தில் ஒவ்வொரு சதுர அடியிலும் சுமார் 3,400 கிலோ எடை அழுத்துகிறது. நீர்ப்பரப்பு பின்னால் எத்தனை கிலோமீட்டர் விரிந்து கிடந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. விரல் பருமன் குழாயை 120 அடிக்கு நிமிர்த்தி நீர் நிரப்பினாலும் அதன் அடியில் அதே அழுத்தம்தான். ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடுவதால்தான் அணையை அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் கட்டுகிறார்கள். மாடியில் தொட்டி வைத்த வீட்டில் கீழ்த்தளக் குழாய் பீறிடுவதும், மேல்மாடிக் குழாய் சோர்ந்து ஒழுகுவதும் இதே விதிப்படிதான்.

உடம்பின் 120 என்பது மில்லிமீட்டரில் சொல்லும் பாதரசத்தின் உயரம். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. அதனால் சின்னக் குழாயிலேயே அளவு அடங்கிவிடுகிறது. பாதரசத்துக்குப் பதில் ரத்தத்தையே ஏறவிட்டால் ஏறத்தாழ ஐந்தடி ஏறும். இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் இதைக் கண்ணாலேயே பார்த்தவர். குதிரை ஒன்றின் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு ஒன்பதடி நீளக் கண்ணாடிக் குழாயை அவர் இணைத்தார். ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி, ஒவ்வொரு துடிப்புக்கும் உயர்ந்து தாழ்ந்தது. 1733இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். ரத்த அழுத்தத்தை மனிதன் முதன்முதலில் அளந்த கதை இது. அந்தக் குதிரையை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

குழாய் செருகாமலே அளக்க வழிசெய்தது, அடைபட்ட திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்ற பாஸ்கல் விதி. பிரேக்கை மிதிக்கும் கால், நான்கு சக்கரங்களையும் ஒருசேரப் பிடிப்பது இதனால்தான். வாயுவுக்கும் இது பொருந்தும். டாக்டர் ரப்பர் குமிழை அமுக்கும்போது, கையில் சுற்றிய பட்டைக்குள் புகும் காற்று எவ்வளவு அழுத்தத்தோடு கையை நெரிக்கிறதோ, அதே அழுத்தத்தோடு பாதரசத்தையும் மேலே தள்ளுகிறது. பட்டையைக் கண்டவர் இத்தாலியின் ரிவா ரோச்சி, 1896இல். பட்டை தளரும்போது நசுங்கிய தமனியில் ரத்தம் பீறிட்டுப் பாயும் ஒலியை ஸ்டெதஸ்கோப்பால் கேட்டு அளக்கலாம் என்று 1905இல் சொன்னவர் ரஷ்ய மருத்துவர் கொரட்கோவ். ஒலி தொடங்கும் இடம் மேல் எண், அடங்கும் இடம் கீழ் எண்.

அளப்பது உயரம் என்பதால், கையை எங்கே வைக்கிறோம் என்பதும் கணக்கில் சேரும். இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே கை தொங்கினால் எண் சுமார் 8 கூடிவிடும். தொங்கிய கையில் எடுத்த அளவை நம்பி மாத்திரையைக் கூட்டிவிடக் கூடாது. கை மேசைமேல், இதய மட்டத்தில் இருக்கட்டும். சாய்ந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

இதே கணக்குதான் ஒட்டகச்சிவிங்கிக்கும். அதன் தலை இதயத்திலிருந்து ஏறக்குறைய ஆறடி உயரத்தில் இருப்பதால், அதன் ரத்த அழுத்தம் நம்முடையதைப் போல் இரண்டு மடங்கு. கீழே கால்கள் வீங்காதபடி அங்கே தோல் இறுக்கமான காலுறைபோலப் பிடித்திருக்கிறது.

நமக்கு அந்தத் தோல் இல்லை. நிற்கும்போது இதயத்திலிருந்து கணுக்கால்வரை ஏறக்குறைய நாலடி ரத்தம் நிற்கிறது. அசையாமல் நின்றால் அந்த எடை கணுக்காலின் சிரைகளில் சுமார் 90 மி.மீ. பாதரச அளவுக்கு அழுத்தும். நடந்தால் கெண்டைக்கால் தசை சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே ஏற்றும். உள்ளிருக்கும் வால்வுகள் திரும்ப இறங்கவிடாது. அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். நடக்கவும் வழியில்லாமல், உட்காரவும் வழியில்லாமல் வருடக்கணக்கில் நின்றே வேலை செய்பவர்களுக்கு வால்வுகள் தளர்கின்றன. கால் வீங்குகிறது. ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்று ஊரில் சொல்வது சிரையைத்தான்.

நம் ஜவுளிக்கடைகளில் புடவையை விரித்துக் காட்டும் பெண்கள் காலையிலிருந்து இரவுவரை சுமப்பது இந்த நாலடி ரத்தத்தை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழக சட்டமன்றம் சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பில் போடும் இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.