மூக்குத்தியும் மனித உரிமையும்

கடுகளவே ஆன ஒரு தங்க மூக்குத்தி, ஒரு நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்றது என்றால் தோழியர் நம்புவீர்களா? தென்னாப்பிரிக்காவில் அது நடந்தது. வழக்கின் நடுவே நின்றவள் நம்மைப் போன்ற ஒரு பள்ளி மாணவி. தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவள்.

1860-ஆம் ஆண்டு முதல் நம்மவர் பலர் சென்னையிலிருந்து கப்பலேறி, நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். அங்குள்ள டர்பன் நகரில் தென்னிந்திய வம்சாவளியினர் இன்றும் மிகுதியாக வாழ்கின்றனர். அந்நகரின் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பயின்ற இம்மாணவி, 2004 செப்டம்பர் விடுமுறையில் தாயின் அனுமதியுடன் மூக்குக் குத்திக்கொண்டாள். பள்ளி திறந்ததும் பிரச்சினை எழுந்தது. எளிய காதணியும் கைக்கடிகாரமும் தவிர வேறு நகை அணியலாகாது என்பது பள்ளியின் விதி. தாய் விளக்கக் கடிதம் எழுதினார்: பெண் பருவமடைந்தபின் மூக்குத்தி அணிவிப்பது தங்கள் குடும்ப மரபு, பதினாறாம் பிறந்த நாளில் பாட்டி அதை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போடுவார், இது அலங்காரத்துக்காக அன்று. பள்ளி இணங்கவில்லை.

பள்ளியின் வாதங்களை அற்பமென்று தள்ளிவிட முடியாது. விதி எல்லாருக்கும் ஒன்றே. சேரும்போது தாய் அதற்கு உடன்பட்டுக் கையொப்பமிட்டிருக்கிறார். மூக்குத்தி இந்து சமயத்தில் கட்டாயக் கடமை அன்று. ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால் நாளை ஆளுக்கொரு நகையுடன் வருவார்கள். முதலில் விசாரித்த சமத்துவ நீதிமன்றம் பள்ளியின் பக்கமே சாய்ந்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. இறுதியாக 2007 அக்டோபர் 5 அன்று, தலைமை நீதிபதி பயஸ் லாங்கா பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார்.

அத்தீர்ப்பில் என்னை மிகவும் கவர்ந்தது, 'எல்லாருக்கும் ஒரே விதி' என்ற வாதத்துக்குக் கிடைத்த பதில்தான். காதில் தோடு போடலாம், மூக்கில் போடக்கூடாது என்னும் விதி பார்வைக்குப் பொதுவானது. ஆனால் அது பெரும்பான்மையோரின் வழக்கத்தை இயல்பென்று கொண்டு, சிறுபான்மையோரின் வழக்கத்தை மட்டும் விலக்குகிறது. சமயம் கட்டளையிட்டதற்கு மட்டுமே பாதுகாப்பு என்பதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒருவர் மனமுவந்து, உண்மையான பற்றுடன் கடைப்பிடிக்கும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது. 'வீட்டில் அணியட்டும், பள்ளியில் கழற்றட்டும்' என்பதோ, 'உன் பண்பாட்டுக்கு இங்கே வரவேற்பில்லை' என்று சொல்வதற்கு ஒப்பாகும். இரண்டாண்டுகளுக்கு மேல் அவள் மூக்குத்தியுடனேயே பள்ளிக்கு வந்திருந்தும் ஒழுங்கு கெட்டதற்குச் சான்றில்லை. சீருடையின் நன்மையை நீதிமன்றம் மறுக்கவில்லை. வெறும் நாகரிகத்துக்காக நகை அணிய விரும்புவோருக்கும் இதில் இடமில்லை. (ஆகவே தோழியரே, யாரும் அவசரப்பட்டு நகைக்கடைக்கு ஓட வேண்டாம்!) விதிகளைத் திருத்தி, விலக்குக் கேட்பதற்கு ஒரு வழிமுறை வகுக்குமாறு பள்ளிக்கு உத்தரவாயிற்று. அதற்குள் அம்மாணவி படிப்பை முடித்துப் போய்விட்டாள்.

உலக அளவில் இவ்வுரிமைக்கு அடிப்படை, 1948-இன் மனித உரிமைப் பிரகடனமும் 1966-இன் குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையும். இரண்டிலும் 18-ஆம் பிரிவு சமயச் சுதந்திரத்தைப் பேசுகிறது. மனத்தில் நம்புவதற்கு எந்த அரசும் எல்லை போட முடியாது. நம்பிக்கையை வெளியில் காட்டுவதற்கு எல்லை போடலாம். அவ்வெல்லை சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்; பொதுப் பாதுகாப்பு, சுகாதாரம், பிறர் உரிமை போன்ற காரணத்துக்காக உண்மையில் தேவைப்பட வேண்டும்.

'தேவை' என்ற இச்சொல்லில்தான் வழக்குகள் வெல்வதும் தோற்பதும். 2013 ஜனவரி 15 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சிலுவை பற்றிய இரு வழக்குகளில் தீர்ப்பளித்தது. நாடியா எவைடா என்பவர் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமான நிறுவன ஊழியர். சீருடைக்கு மேல் சிறு சிலுவை தெரிய அணிந்ததால் 2006-இல் ஊதியமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். தலைப்பாகையையும் முக்காட்டையும் அனுமதித்த நிறுவனம் பிற்பாடு தானே விதியை மாற்றிக்கொண்டது. அப்படியானால் பழைய தடைக்கு அத்தனை அவசியம் இருந்திருக்க முடியாதே! எவைடா வென்றார். மற்றொருவர் மருத்துவமனைச் செவிலியர். உறுதிபூசுதல் பெற்ற 1971 முதல் சிலுவை அணிந்தவர். நோயாளி சங்கிலியைப் பிடித்திழுக்கலாம், திறந்த புண்ணில் அது படலாம் என்று மருத்துவமனை சொன்ன காரணத்தை நீதிமன்றம் ஏற்றது. அவர் தோற்றார். அவருடைய பக்தி குறைந்ததென்று இதற்குப் பொருளில்லை.

எல்லா மன்றங்களும் ஒரே குரலில் பேசுவதில்லை. அரசுப் பள்ளிகளில் பளிச்சென்று தெரியும் சமய அடையாளங்களைப் பிரான்ஸ் 2004-இல் தடை செய்தது. வெளியேற்றப்பட்ட சீக்கிய மாணவர்களின் முறையீட்டை ஐரோப்பிய நீதிமன்றம் 2009-இல் ஏற்க மறுத்தது, ஐ.நா. மனித உரிமைக் குழுவோ 2012-இல், அத்தகைய ஒரு மாணவரின் உரிமை மீறப்பட்டதென்று கண்டது.

நம் அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவைக் குடிமையியலில் மனப்பாடம் செய்கிறோம். சீக்கியர் கிர்பான் அணிந்து செல்வது அவர்கள் சமயத்தின் பகுதியே என்னும் விளக்கம் அதிலேயே இருக்கிறது. மற்றவற்றில், 'இது சமயத்தின் இன்றியமையாத வழக்கமா?' என்று நம் நீதிமன்றங்கள் கேட்டு வந்துள்ளன. கர்நாடக மாணவியரின் ஹிஜாப் வழக்கில் உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் 'இல்லை' என்றது. அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் வெவ்வேறு தீர்ப்பு அளித்தனர். ஒருவர் தடையை ஏற்றார். மற்றவரோ இன்றியமையாமை பற்றிய கேள்வியே இங்குத் தேவையில்லை, மாணவியின் விருப்பமும் அவளுடைய படிப்புமே முக்கியம் என்றார். வழக்கு பெரிய அமர்வின் முடிவுக்கென அனுப்பப்பட்டது.