முதலாளி வீட்டு வாசலில் ஒலித்த துள்ளிசை

1964-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை' தமிழின் தலைசிறந்த நகைச்சுவைப் படங்களுள் ஒன்றாக இன்றளவும் பேசப்படுகிறது. ஆனால் அதன் சிரிப்பில் பெரும்பங்கை நடன இசையே சுமக்கிறது என்பதும், கதையின் நடுவில் நிற்பவர் ஓர் எஸ்டேட் முதலாளி என்பதால் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் கோல சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருக்கு அந்த இசை வேறொரு நெருக்கத்தோடு ஒலித்திருக்க வேண்டும் என்பதும் போதிய கவனம் பெறவில்லை.

ஸ்ரீதர் இயக்கிய இப்படத்திற்கு விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரும் இணைந்து இசையமைக்க, பாடல்களைக் கண்ணதாசன் எழுதினார். டி.எஸ்.பாலையா ஏற்ற செல்வந்தர் பாத்திரத்தின் பெயரும் விஸ்வநாதன்தான். அவருடைய எஸ்டேட்டில் வேலை பார்க்கும் இளைஞன் அசோக், முதலாளியின் மகள்களோடு ஏற்பட்ட பிணக்கால் வேலையிலிருந்து நீக்கப்படுகிறான். நீக்கப்பட்டவன் ஊரைவிட்டுப் போகாமல், முதலாளியின் பங்களாவுக்கு எதிரிலேயே கூடாரம் அடித்துத் தங்கி, வேலையைத் திருப்பித் தருமாறு அவரைப் பெயர் சொல்லிப் பாட்டாலேயே கேட்கிறான். ஒருவர் எடுத்துக் கொடுக்கக் கூட்டம் திருப்பிச் சொல்லும் முழக்கத்தின் அமைப்பு அந்தப் பாடலுக்கு உண்டு. தொழிலாளர் ஊர்வலத்தில் கேட்கும் அதே அமைப்பை எடுத்து, ராக் அண்டு ரோல் எனப்படும் அமெரிக்கத் துள்ளிசையின் தாளத்தில் ஏற்றியதுதான் இசையமைப்பாளர்களின் கெட்டிக்காரத்தனம். முதலாளியைப் பெயர் சொல்லி அழைப்பது நேரில் செய்தால் துடுக்கு, தாளத்தோடு செய்தால் விளையாட்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் பாலையாவின் முகம் படும் பாட்டில்தான் சிரிப்பு பிறக்கிறது.

படத்தின் மற்ற பாடல்களிலும் அக்கால உலக நடனங்களின் வாடை தூக்கலாக வீசுகிறது. இடுப்பையும் கால்களையும் முறுக்கி, துணையைத் தொடாமலே ஆடும் டுவிஸ்ட் நடனம், சப்பி செக்கர் என்ற அமெரிக்கப் பாடகரின் இசைத்தட்டால் 1960-இல் உலகெங்கும் பரவி, நான்கே ஆண்டுகளில் தமிழ்த் திரையில், அசோக்காக நடித்த ரவிச்சந்திரனின் கால்களுக்கு வந்து சேர்ந்திருந்தது. பி.பி.ஸ்ரீனிவாசும் பி.சுசீலாவும் பாடிய காதல் பாடலொன்றோ, கியூபாவில் தோன்றி லத்தீன் அமெரிக்கா முழுவதும் வேரூன்றிய பொலேரோ என்னும் மெதுநடை இசையைத் தழுவியது. மெக்சிகோவின் கொன்சுவேலோ வெலாஸ்கெஸ் இயற்றிய 'பேசமே முச்சோ'வின் சாயல் அதில் இருப்பதை இசை ஆர்வலர்கள் நெடுங்காலமாகச் சுட்டி வருகின்றனர். சாயல் இருப்பது குறையாகாது. அந்நிய நடையைக் கடன் வாங்கிய பின்னும் தமிழ்ச் சொல்லின் குறில் நெடில் சிதையாமல் மெட்டு உட்கார்ந்திருப்பதே கவனிக்கத்தக்கது. பாலையாவின் மகனாக வரும் நாகேஷ் தம் திகில் கதையை அவருக்குச் சொல்லும் புகழ்பெற்ற காட்சியில் கதவுச் சத்தம் முதல் காலடிச் சத்தம் வரை நாகேஷ் வாயாலேயே எழுப்புகிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒலியை நகைச்சுவையின் கருவியாக இப்படம் எவ்வளவு தெரிந்து பயன்படுத்தியது என்பது விளங்கும்.

வட சிலாங்கூரின் தோட்டப்புறங்களில் அந்நாளில் தமிழ்ப் படம் என்பது, பட்டணத்துத் தியேட்டருக்குப் போக முடியாதவர்களுக்கு, திடலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டப்பட்ட வெள்ளைத் துணியில் தெரிவதாக இருந்தது. தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களிலிருந்து பாயும் சாக்குமாக வந்து உட்காரும் கூட்டம் துணியின் முன்புறத்தை நிரப்பிவிட்டால், பிந்தி வந்தவர்கள் பின்புறம் அமர்ந்து, எழுத்தும் உருவமும் இடம் வலம் மாறிய படத்தையே பார்த்தார்கள். அவர்களுக்கும் பாட்டு மட்டும் மாறாமல் கேட்டது. படத்தின் பாடல்களை வானொலியின் தமிழ்ப் பகுதி மீண்டும் மீண்டும் ஒலிபரப்பியதால், படத்தை ஒரு முறையே பார்த்தவருக்கும் மெட்டு மனப்பாடமாயிற்று.

வேலை கேட்கும் பாடலைத் தோட்டத்து மக்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க, சிலாங்கூரின் வரலாறு துணைசெய்கிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச்.நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், சம்பள உயர்வோடு, வெள்ளைக்காரத் துரையின் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்குவதும் ஒரு கோரிக்கையாக இருந்தது; அதற்குக் கிடைத்த பதில் படையும் துப்பாக்கிச் சூடும்தான். சைக்கிளில் அமர்ந்தபடி துரையைக் கடந்து போவதே போராடிப் பெற வேண்டிய உரிமையாக இருந்த மண்ணில், முதலாளி வீட்டு வாசலில் நின்று அவர் பெயரைத் தாளம் போட்டுப் பாடுவது சாதாரண வேடிக்கையாக இருந்திருக்க முடியாது. அதற்கு மேல், படம் வந்த காலம் தோட்டத் துண்டாடலின் காலம். வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற பெரிய தோட்டங்களை வாங்கியவர்கள் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றதால் பலர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். அதைத் தடுக்கவே 1960-இல் அப்போதைய அமைச்சர் வீ.தி.சம்பந்தன் முயற்சியில், தொழிலாளர்களிடமே பங்குப்பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. வேலை வேண்டும் என்ற கோரிக்கை அப்போது அவர்கள் வாயில் அன்றாடம் இருந்த பேச்சு.

அசோக்காக ஆடிப்பாடிய ரவிச்சந்திரன் கோலாலம்பூரில் பிறந்து, படிப்பிற்காகத் தமிழ்நாடு சென்றவர். இதுவே அவருக்கு முதல் படம். மலாயாவில் பிறந்த ஒருவர் எஸ்டேட் முதலாளியை எதிர்த்து ஆடும் நாயகனாகத் திரைக்கு வந்தது தற்செயல்தான் என்றாலும், அந்தத் தற்செயலில் மலேசியத் தமிழர் பெருமை கொள்ள நியாயம் உண்டு.

அதே ஆண்டில் மலாய்த் திரையும் இதே வழியில்தான் நடந்துகொண்டிருந்தது. பி.ரம்லி இயக்கி, நடித்து, பாடிய 'மடு தீகா' 1964-இல் வந்த நகைச்சுவைப் படமே. மலாய் மக்களின் ஜோகெட் எனும் விரைவான இணைநடனத்தையும் லத்தீன் அமெரிக்க ரும்பா, சா சா சா தாளங்களையும் ஒரே பாட்டுக்குள் பழக விட்டவர் அவர். அவ்வாண்டே சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, சிலாங்கூரின் உலு கிளாங்கில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவில் பணியைத் தொடர்ந்தார். அந்த மலாய்த் திரையுலகை வளர்த்தவர்களுள் சென்னையிலிருந்து வந்த எல்.கிருஷ்ணனும் ஒருவர்; 1950-இல் ரம்லிக்கு 'பக்தி' படத்தில் முதன்முதலாகக் கதாநாயகன் வேடம் தந்தவர் அவரே. சென்னைக்கும் சிலாங்கூருக்கும் இடையே நடிகரும் இயக்குநரும் தாளமும் இவ்வாறு போய் வருவது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. இசையமைப்பாளர்கள் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965-இல் பிரிந்து தனித்தனியே இசையமைக்கத் தொடங்கினர். 'காதலிக்க நேரமில்லை' தெலுங்கிலும், பின்னர் 1966-இல் இந்தியிலும் மறுபடி எடுக்கப்பட்டது.